திசு வளர்ப்புக் கன்று வறட்சியைத் தாங்குமா?

கண்மாய்க்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் கமுதிப் பக்கம். கண்மாய்த் தண்ணீரில் நெல், மேட்டில் குண்டு மிளகாய். கிணறு ஒன்று இருக்கிறது, பங்குனி வந்தால் அடியைத் தொட்டுவிடும். போன வாரம் நாற்றுப்பண்ணை முகவர் ஒருவர் வீட்டுக்கே வந்து, திசு வளர்ப்பு வாழை வைக்கச் சொல்லி விடாமல் பேசினார். லேபில் தயாரான கன்று என்பதால் வறட்சியைத் தாங்குமாம், வழக்கமான தண்ணீரில் பாதி போதுமாம். ஏக்கருக்கு 1,200 கன்று வேண்டும் என்று கணக்கும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

இது உண்மையா? இன்னொன்றும் கேட்க வேண்டும். சோதனைக் குழாயிலேயே வறட்சி தாங்கும் பயிரை உருவாக்கலாம் என்று பையன் புத்தகத்தில் படித்திருக்கிறான். நம் நெல்லுக்கு அப்படி யாராவது செய்திருக்கிறார்களா?

முல்லையாற்றுத் தோட்டம்:
அண்ணே, அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் திசு வளர்ப்புக் கிராண்ட் நெயின் ரக வாழைதான் அதிகம். நானும் அதைத்தான் வைக்கிறேன், நல்ல வருமானம் வருகிறது. ஆனால் தண்ணீர் குறைவாகப் போதும் என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். நட்ட முதல் இரண்டு மாதம் பக்கக்கன்றை விட இதற்குத்தான் கூடுதல் கவனிப்பு தேவை. பக்கக்கன்றுக்கு அடியில் கிழங்கு இருக்கும், நாலு நாள் தண்ணீர் தவறினாலும் அதை வைத்து ஓட்டிவிடும். திசுக் கன்றுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. சொட்டுநீர் போடாமல் இதை வைக்கவே கூடாது என்பது என் கருத்து.

பழைய விரிவாக்கம்:
வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். வாழைக்கு ஒரு பயிர்க்காலத்தில் சுமார் 1,800 முதல் 2,000 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மீதித் தண்ணீரை உங்கள் கிணறு கொடுக்குமா என்பதுதான் முதல் கேள்வி. கன்று எங்கே தயாரானது என்பது அதற்குப் பிறகு.

ஆய்வகச் சாளரம்:
திசு வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். முகவர் சொன்னதில் இரண்டு தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு விற்கப்படும் கன்று பெருக்கல் முறையில் வந்தது. நல்ல தாய்வாழையின் குருத்து நுனியை எடுத்து, கிருமி நீக்கி, சத்து ஊடகத்தில் வைத்து, ஒன்றைப் பலவாக்கி, வேர் விட வைத்து வெளியே எடுக்கிறோம். தாய்க்கு இருந்த குணம்தான் கன்றுக்கும். தாய் தண்ணீர் கேட்கும் கிராண்ட் நெயின் என்றால், அதிலிருந்து எடுத்த லட்சம் கன்றும் தண்ணீர் கேட்கும் கிராண்ட் நெயின்தான். இந்த முறையால் நோயில்லாத கன்றும், ஒரே சீரான வளர்ச்சியும், தோட்டம் முழுக்க ஏறக்குறைய ஒரே சமயத்தில் தார் வெட்டும் வசதியும் கிடைக்கின்றன. அவை பெரிய லாபம்தான். வறட்சி தாங்கும் குணம் அந்தப் பட்டியலில் இல்லை.

பாட்டிலை விட்டு வரும் செடி உண்மையில் மிகவும் மென்மையானது. உள்ளே காற்றின் ஈரப்பதம் கிட்டத்தட்ட நூறு சதவீதம். சாப்பாடும் தயாராக இருக்கும், லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை ஊடகத்திலேயே கலந்திருக்கிறோம். அதனால் இலைமேல் மெழுகுப் படலம் சரியாகப் படியாது, இலைத்துளைகள் ஒழுங்காக மூடாது. அப்படியே வெயிலில் வைத்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துவண்டுவிடும். ஈரப்பதத்தைப் படிப்படியாகக் குறைத்து, நிழல்வலைக் குடிலில் வாரக்கணக்கில் வைத்து வெளிக்காற்றுக்குப் பழக்குவதைத்தான் ஹார்டனிங் என்கிறோம். அந்தக் கட்டத்தை அவசரமாக முடித்து விற்கும் பண்ணையில் வாங்கினால் வயலில் சாவு அதிகம்.

உங்கள் இரண்டாவது கேள்வி வேறு. வறட்சி தாங்கும் பயிரை உருவாக்க இதே ஆய்வக முறைகளைப் பல விதங்களில் பயன்படுத்தியிருக்கிறார்கள், நெல்லில் நிறையவே. அதைத் தனியாக எழுதுகிறேன்.

நாட்டு விதை:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இராமநாதபுரத்துக்காரருக்கு நெல்லில் வறட்சி தாங்கும் ரகம் வேண்டுமென்றால் பாட்டிலுக்குள் தேட வேண்டுமா? அந்த மண்ணிலேயே நொறுங்கன் இருக்கிறது. புழுதியில் விதைத்து, மழைக்குக் காத்திருந்து, வந்த மழையில் முளைத்து, நடுவில் காய்ந்தாலும் மீண்டு கதிர் தள்ளும் நெல். தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் தேர்ந்தெடுத்தது. குழியடிச்சான், குள்ளக்கார் என்று இன்னும் எத்தனையோ. இருப்பதை விட்டுவிட்டு லேபுக்குப் போவதுதான் எனக்கு உறுத்துகிறது.

கேலஸ்:
வணக்கம் அக்கா, அண்ணன்மாரே. நான் முதுகலை மாணவி, நெல்லில்தான் வேலை. விதையிலிருந்து கேலஸ் (வேர், இலை என்று பிரியாத செல் திரள்) வளர்த்து, ஊடகத்தில் பாலி எத்திலீன் கிளைக்கால் (பெக்) 6000 சேர்த்துச் செயற்கை வறட்சி கொடுக்கிறேன். அளவு கூடக்கூடப் பெரும்பாலான கேலஸ் பழுப்பாகிச் செத்துப்போகிறது. பிழைத்த சில துண்டுகளில், வறட்சியில் செடிகளில் கூடும் புரோலின் என்ற அமினோ அமிலம் அதிகமாக இருக்கிறது, சிலவற்றில் இருந்து செடியும் வந்துவிட்டது. இவற்றை வறட்சி தாங்கும் செடிகள் என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

இன்னொரு சின்னப் பிரச்சினை: அளவைக் கூட்டினால் ஊடகத்தைக் கெட்டியாக்கும் அகார் உறைய மாட்டேன் என்கிறது.

ஆய்வகச் சாளரம்:
தங்கச்சி, அகார் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பெக் கலந்து கொதிக்க வைத்தால் அகார் கெட்டியாகாது, எல்லாருக்கும் அப்படித்தான். வெறும் ஊடகத்தை முதலில் உறைய வையுங்கள். அதன்மேல் பெக் கலந்த திரவ ஊடகத்தை ஊற்றி, ஒரு நாள் ஊற விட்டு, மிச்சத்தை வடித்துவிடுங்கள். பெக்குக்குப் பதில் மானிட்டால் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். மானிட்டால் சின்ன மூலக்கூறு, செல்லுக்குள் நுழைந்துவிடும், சில பயிர்கள் அதை உணவாகவே எடுத்துக்கொள்ளும். பெக் 6000 உள்ளே போகாமல் வெளியே நின்றபடி தண்ணீரைப் பிடித்து வைக்கும், காய்ந்த மண் செய்வதுபோல. வறட்சி ஆய்வுக்கு அதுதான் பொருத்தம்.

இப்போது பெரிய கேள்வி. உடனே அப்படி எழுதிவிடாதீர்கள்.

கேலஸ் வழியாகச் செடி வளர்த்தால் சில செடிகள் தாயிடமிருந்து மாறி வரும். 1981இல் லார்கினும் ஸ்கௌக்ராஃப்டும் இதற்கு சோமாக்குளோனல் மாறுபாடு என்று பெயர் வைத்தபோது, இனச் சேர்க்கையே இல்லாமல் புது ரகம் எடுக்கலாம் என்று உலகம் முழுக்கப் பெரிய உற்சாகம் எழுந்தது. பலன் கிடைக்காமலும் இல்லை. வருணா கடுகின் திசு வளர்ப்பில் தோன்றிய மாறுபாட்டிலிருந்துதான் பூசா ஜெய் கிசான் என்ற ரகம் வந்து, வட இந்திய வயல்களில் பரவியது. ஆனால் அது வறட்சிக்காகத் தேர்ந்தெடுத்த ரகம் இல்லை. வறட்சிக்கென்று பெக்கில் தேர்ந்தெடுத்த கேலஸ் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன, அந்த அளவுக்கு வயலில் ரகங்கள் இல்லை. ஏன் என்பதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

கேலஸுக்கு வேர் இல்லை, இலைத்துளை இல்லை, பூ இல்லை. நெல் வயலில் வறட்சியைச் சமாளிப்பது பெரும்பாலும் இந்த உறுப்புகளால்தான். ஆழமாக வேர் விட்டு அடி ஈரத்தை எடுக்கும், இலையைச் சுருட்டும், துளைகளை மூடும், அல்லது தண்ணீர் தீரும் முன்பே கதிர் முற்றி முடித்துக்கொள்ளும். தண்ணீர் குறைந்த செல் தன் உப்பையும் சர்க்கரையையும் சரிசெய்து உயிரைப் பிடித்துக்கொள்வது இவற்றோடு சேர்ந்த இன்னொரு திறமை. உங்கள் பெட்ரித் தட்டு அந்த ஒன்றை மட்டும்தான் சோதிக்கிறது. புரோலின் கூடியிருப்பதும் தனியாக எதையும் நிரூபிக்காது. வறட்சியில் அதிகமாகத் தவிக்கும் செடியிலும் புரோலின் கூடும்.

பிழைத்த கேலஸ் நிஜமாகவே மரபில் மாறியதா, அல்லது அந்த ஊடகத்துக்குத் தற்காலிகமாகப் பழகிக்கொண்டதா என்பதையும் பிரிக்க வேண்டும். பெக் இல்லாத ஊடகத்தில் சில சுற்று வளர்த்துவிட்டு மறுபடி பெக்கில் போடுங்கள். அப்போதும் தாங்கினால் நம்பிக்கை வைக்கலாம். அதோடு நிறுத்தாமல் செடியாக்கி, விதை எடுத்து, அந்த விதையின் செடிகளை மண்ணில் காயவிட்டு, பூக்கும் பருவத்தில் தண்ணீரை நிறுத்தி மகசூலைப் பாருங்கள். குணம் விதை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போனால்தான் அது விவசாயிக்குப் பயன்படும்.

மாறுபாடு நல்ல பக்கமாகவே வரும் என்பதும் இல்லை. எண்ணெய்ப்பனையைத் திசு வளர்ப்பில் பெருக்கியபோது ஒரு பகுதி மரங்களில் காய்கள் உருக்குலைந்து எண்ணெய் விழுந்துபோனது. நட்டு வருடக்கணக்கில் காத்திருந்த பிறகுதான் அது தெரியவந்தது. கர்மா என்று பெயரிட்ட ஒரு நகரும் டிஎன்ஏ துண்டின் மேலிருந்த வேதிக்குறி அழிந்துபோனதுதான் காரணம் என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். டிஎன்ஏவின் எழுத்து மாறாமல் அதன் மேலிருந்த குறி மட்டும் மாறியே இத்தனை சேதம்.

கேலஸ்:
ரொம்ப நன்றி அக்கா. பெக் இல்லாமல் வளர்த்துத் திரும்பச் சோதிப்பதை என் திட்டத்தில் சேர்த்துக்கொள்கிறேன். விதைத் தலைமுறை வரை போக நேரம் இருக்குமா தெரியவில்லை, ஆனால் விதையாவது எடுத்து வைத்துவிடுவேன்.

பழைய விரிவாக்கம்:
கண்மாய்க்கரை தம்பி கேட்டதற்கு வயல் வரை வந்த உதாரணம் ஒன்று உண்டு, மேற்கு ஆப்பிரிக்காவில்.

அங்கே நைஜர் ஆற்றுப் பகுதியில் 3,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பயிராகி வந்த நெல் ஒன்று இருக்கிறது. நம் ஆசிய நெல்லிலிருந்து வேறான இனம். வறட்சி, களை, பூச்சி எல்லாவற்றோடும் போராடி நிற்கும். ஆனால் சாய்ந்துவிடும், மணி உதிர்ந்துவிடும், விளைச்சல் குறைவு. இதை ஆசிய நெல்லோடு சேர்த்தால் பிறக்கும் பயிர் மலடாகிவிடும், அதனால் வெகுகாலம் யாராலும் முன்னேற முடியவில்லை. 1990களில் ஐவரி கோஸ்டில் இருந்த மேற்கு ஆப்பிரிக்க நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சியரா லியோனைச் சேர்ந்த மான்டி ஜோன்ஸ் தலைமையிலான குழு இதைச் சாதித்தது. கலப்பில் உண்டான இளங்கரு பயிர்மேல் இருந்தால் செத்துப்போகும். அதைப் பிரித்தெடுத்துச் சத்து ஊடகத்தில் வளர்த்தார்கள். கரு மீட்பு என்பது இதுதான். பிழைத்த செடிகளை ஆசிய நெல்லோடு மறுபடி மறுபடி சேர்த்து மலட்டுத்தன்மையைக் குறைத்தார்கள். பிறகு பூவின் மகரந்தப்பையை ஊடகத்தில் வளர்க்கும் மகரந்தப்பை வளர்ப்பால், தலைமுறைக்குத் தலைமுறை குணம் மாறாத நிலையான வரிசைகளைச் சீக்கிரமாக எடுத்தார்கள்.

அப்படி வந்தவைதான் நெரிகா நெல் ரகங்கள். மேட்டுநில நெரிகா பல இடங்களில் 90, 100 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். ஜோன்ஸுக்கு 2004இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது, சீனாவின் யுவான் லோங்பிங்கோடு பகிர்ந்து.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். நெரிகா வறட்சியில் பிழைப்பதற்குக் குறுகிய வயது ஒரு முக்கியக் காரணம். தண்ணீர் தீரும் முன்பே முடித்துக்கொள்கிறது. நடுப்பருவத்தில் நீண்ட வறட்சி வந்தால் எல்லா நெரிகாவும் ஒரே மாதிரி நிற்பதில்லை.

நாட்டு விதை:
ஐயா சொன்ன கதையிலேயே என் வாதமும் இருக்கிறது. வறட்சி தாங்கும் குணம் அந்த ஆப்பிரிக்க விவசாயிகள் காத்து வைத்திருந்த நெல்லில் இருந்து வந்தது. பாட்டிலில் இருந்து வரவில்லை.

ஆய்வகச் சாளரம்:
முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆய்வகம் குணத்தைப் படைப்பதில்லை. எங்கோ இருக்கும் குணத்தை இனத்தடை தாண்டி எடுத்து வருகிறது, அல்லது அது நிலைபெறும் காலத்தைக் குறைக்கிறது. மகரந்தப்பை வளர்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குகாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையிலிருந்து ஒற்றைக் குரோமோசோம் தொகுதியுள்ள செடியை முதன்முதலில் வளர்த்துக் காட்டினார்கள். அந்தத் தொகுதியை இரட்டிப்பாக்கினால் ஒரே தலைமுறையில் தூய வரிசை. வழக்கமான முறையில் ஆறு, ஏழு தலைமுறை தற்சேர்க்கை செய்ய வேண்டியதற்குப் பதில் இது. நம் நாட்டில் பிறந்த இந்தக் கண்டுபிடிப்பை இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். இதை நம் மாணவர்களுக்கு இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

நொறுங்கனையும் ஆராய்ச்சியாளர்கள் விட்டுவிடவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அதை ஐஆர் 62266 என்ற நெல்லோடு கலந்து, வறட்சி தாங்கும் மரபுப் பகுதிகள் எங்கே இருக்கின்றன என்று தேடியிருக்கிறார்கள். நூற்றிப்பத்து என்ற மானாவாரி நெல்லையும் ஐஆர் 20 உடன் கலந்து இதேபோல் ஆராய்ந்தார்கள்.

கண்மாய்க்கரை:
அக்கா, அப்படியானால் நெரிகா மாதிரி நொறுங்கனையும் நல்ல விளைச்சல் நெல்லையும் லேபில் சேர்த்து ஒரு ரகம் எடுக்கலாமே? ஏன் வரவில்லை?

ஆய்வகச் சாளரம்:
இரண்டும் ஆசிய நெல்தான் அண்ணே. சாதாரணமாகக் கலந்தாலே விதை பிடிக்கும், கரு மீட்பு தேவையில்லை. மகரந்தப்பை வளர்ப்பு உதவும், ஆனால் அங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. ஜப்பான், கொரியா பக்கத்து ஜபோனிகா நெல் இந்த முறைக்கு நன்றாக இசைந்து கொடுக்கும். நம் இண்டிகா நெல் கேலஸ் தருவதே குறைவு, அதிலிருந்து வரும் செடிகளிலும் பல வெளுத்துப் பிறக்கும். பச்சையமே இல்லாத செடியை வைத்து என்ன செய்வது? இண்டிகாவுக்கு ஏற்ற ஊடகம் தேடிப் பல பேர் பல வருடமாக உழைக்கிறார்கள்.

இப்போது வேறொரு வழி திறந்திருக்கிறது. டிஎஸ்டி (ஆங்கிலத்தில் Drought and Salt Tolerance, வறட்சி, உப்புத் தாங்குதல்) என்று நெல்லில் ஒரு மரபணு உண்டு. இலைத்துளை மூடுவதைத் தடுத்து வைக்கும் வேலை அதனுடையது. அதைச் செயலிழக்கச் செய்தால் துளைகளின் எண்ணிக்கை குறையும், தண்ணீர் இழப்பும் குறையும். டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் எம்டியு 1010 நெல்லில், மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கருவி கொண்டு அந்த மரபணுவைத் திருத்தி, பூசா டிஎஸ்டி ரைஸ் 1 என்று 2025 மே மாதம் அறிவித்தார்கள். திருத்தியது கேலஸ் செல்லில். அந்த ஒரு செல்லை முழுச் செடியாக்கியது திசு வளர்ப்பு. இன்று நெல்லில் மரபணுத் திருத்தம் செய்யும் ஆய்வகங்களில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்த மரபணுவின் பெயரில் வறட்சியும் உப்பும் இரண்டும் இருக்கின்றன. அறிவிப்பில் சொன்ன 9.66 முதல் 30.4 சதவீத விளைச்சல் உயர்வு உவர், களர் நிலங்களுக்கானது. அதை எடுத்து மானாவாரி நிலத்துக்குப் பேசக் கூடாது.

உங்கள் ஊர்க்காரர்கள் கேட்டால் வியப்பார்கள், இன்னொன்று சொல்கிறேன். சீமைக் கருவேலம் எந்த வெயிலிலும் பச்சையாக நிற்கிறதல்லவா? சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதிலிருந்து ஒரு மரபணுவை எடுத்துப் புகையிலையில் வைத்துப் பார்த்தார்கள், வறட்சி தாங்கும் திறன் கூடியது. புகையிலை திசு வளர்ப்பில் சுலபமாக வளரும், அதனால்தான் முதல் சோதனை அதில். அங்கிருந்து வயல் பயிருக்கு வருவது நீண்ட பாதை.

நாட்டு விதை:
திருத்திய நெல்லின் உரிமை யாரிடம் என்பதையும் சொல்லிவிடுங்கள். 2022இல் வேற்று மரபணு சேர்க்காத திருத்தங்களுக்கு மரபணு மாற்றுப் பயிருக்கான விதிகளில் இருந்து மத்திய அரசு விலக்கு அளித்துவிட்டது. கிரிஸ்பர் கருவிக்கான முக்கியக் காப்புரிமைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிடமும் நிறுவனங்களிடமும் இருக்கின்றன. விதையை எடுத்து வைத்து விதைக்கும் விவசாயிக்கு நாளை என்ன ஆகும்?

ஆய்வகச் சாளரம்:
நியாயமான கேள்வி. பொது நிறுவனங்கள் உருவாக்கும் நெல் விதையை விவசாயி எடுத்து வைக்கவும் பகிரவும் எந்தத் தடையும் இருக்கக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயிக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. காப்புரிமை ஒப்பந்தத்தில் அது கரைந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முல்லையாற்றுத் தோட்டம்:
பேச்சு நெல்லுக்குப் போய்விட்டது. வாழையிலேயே வறட்சி தாங்கும் ரகம் இல்லையா அக்கா? இங்கேயும் வருடாவருடம் தண்ணீர் குறைகிறது.

ஆய்வகச் சாளரம்:
ஓரளவு தாங்குபவை உண்டு. நாம் சாப்பிடும் வாழைகள் இரண்டு காட்டு இனங்களின் வாரிசுகள். அதில் பி என்று குறிக்கும் இனத்தின் பங்கு கூடினால் பொதுவாக வறட்சியைத் தாங்கும். கிராண்ட் நெயினில் பி பங்கே இல்லை. மொந்தனிலும் கற்பூரவள்ளியிலும் மூன்றில் இரண்டு பங்கு பி. உலகின் மிகப் பெரிய வாழைச் சேகரிப்பு பெல்ஜியத்தின் லூவன் நகரில் கண்ணாடிக் குழாய்களுக்குள்தான் இருக்கிறது. அங்கே குழாய்ச் செடிகளுக்குச் சார்பிட்டால் கொடுத்துச் செயற்கை வறட்சி உண்டாக்கிப் பல ரகங்களை ஒப்பிட்டபோதும் இந்த வகை வாழையே நன்றாக நின்றது. இந்த இடத்தில் திசு வளர்ப்பு சல்லடையாகப் பயன்படுகிறது. வயலில் ஏக்கர் கணக்கில் இடம் கேட்கும் வேலையை ஓர் அறையில் செய்து, தேறியவற்றை மட்டும் வயலுக்குக் கொண்டுபோகலாம்.

அதே பி மரபில் ஒரு தொல்லையும் ஒளிந்திருக்கிறது. வாழை ஸ்ட்ரீக் வைரஸின் மரபுத் துண்டுகள் பழங்காலத்திலேயே அதற்குள் ஒட்டிக்கொண்டுவிட்டன. சில ரகங்களில் திசு வளர்ப்பின் அழுத்தமோ தண்ணீர்ப் பற்றாக்குறையோ அதைத் தட்டி எழுப்பிவிடும். நம் பூவனில் இந்த நோய் பரவலாக இருப்பது உங்களுக்கே தெரியும். 2019இல் ஆப்பிரிக்காவில் ஒரு சமையல் வாழையில் அந்த வைரஸ் துண்டுகளைக் கிரிஸ்பரால் முடக்கிக் காட்டினார்கள், அதிலும் செடியை மீட்டது திசு வளர்ப்புதான். இப்போதைக்கு நாம் செய்யக்கூடியது சோதனை. உயிரித் தொழில்நுட்பத் துறையின் தேசியச் சான்றளிப்பு முறை 2006 முதல் இருக்கிறது. வைரஸ் சோதனையும், தாயும் கன்றும் ஒரே மரபா என்ற சோதனையும் முடிந்த கன்றுக்குத்தான் அந்தச் சான்று.

கண்மாய்க்கரை:
தெளிவாகிவிட்டது. வாழையை நிலம் முழுக்க வைக்கப் போவதில்லை. கிணற்றடியில் கொஞ்சம் மொந்தன் மட்டும், அதுவும் பக்கத்துத் தோட்டத்துக் கன்றிலேயே. முகவர் மறுபடி வந்தால் சான்றைக் கேட்கிறேன். நெல்லுக்கு இந்த வருடம் என்ன விதைக்கலாம் ஐயா?

பழைய விரிவாக்கம்:
பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து 2009இல் வந்த அண்ணா 4 உங்கள் மாவட்டத்துப் புழுதி விதைப்புக்கென்றே எடுத்த ரகம், நூறு நாளை ஒட்டிய வயது. வழக்கமான கலப்பில் வந்தது, திசு வளர்ப்பு இல்லை. நல்ல விதையாக வாங்கி ஒரு பாதியில் அதைப் போடுங்கள், இன்னொரு பாதியில் நொறுங்கன் போட்டுப் பாருங்கள். இரண்டையும் ஒரே மண்ணில் பார்த்தால் அடுத்த வருட முடிவு உங்களுக்கே தெரியும்.

கேலஸ்:
எனக்கும் ஓர் உதவி வேண்டும். என் கேலஸ் செடிகளின் விதையைச் சோதிக்கும்போது ஒப்பிடுவதற்கு நொறுங்கன் வைத்தால் நன்றாக இருக்கும். சுத்தமான விதை எங்கே கிடைக்கும்?

நாட்டு விதை:
என்னிடம் இருக்கிறது தங்கச்சி. தனி மடலில் முகவரி அனுப்புங்கள், ஒரு கிலோ அனுப்பி வைக்கிறேன். முடிவு எதுவானாலும் இந்த இழையில் வந்து எழுதுங்கள், நொறுங்கன் தோற்றாலும்.

ஆய்வகச் சாளரம்:
கூடவே வறட்சி தாங்காத ஒப்பீட்டுக்கு ஐஆர் 64 வையுங்கள், உங்கள் கேலஸ் எந்த ரகத்திலிருந்து வந்ததோ அந்தத் தாய் விதையையும் கட்டாயம் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்துவிடாதீர்கள். பூக்கும் நாள் ஒன்றுக்கொன்று மாறும். முன்னே பூப்பது தண்ணீரை நிறுத்தும் முன்பே தப்பித்துவிடும், பிறகு அதைத் தாங்கும் செடி என்று எழுதிவிடுவோம். வயதுக்கு ஏற்ப விதைப்பைத் தள்ளி வைத்து, எல்லாம் ஒரே வாரத்தில் பூக்கிற மாதிரி பார்த்துக்கொண்டு அதற்குப் பிறகு தண்ணீரை நிறுத்துங்கள்.